கொசு உள்ளானின் கால் நிறம்

எனக்குப் பேர்கள் சலித்துப்போய் வெகுகாலம் ஆகிறது. சாயப்பட்டறையில் ஷேடு பார்ப்பது என் வேலை. ஒரு கருநீலம் வரும். துணி வாங்கும் பையர் ஒருவர் அதற்கு நள்ளிரவு என்று பேர் வைத்திருப்பார், இன்னொருவர் மை என்பார், மூன்றாமவர் ஆழ்கடல் என்பார். மூன்று துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்தக் ‘கிட்டத்தட்ட’வுக்குத்தான் எனக்குச் சம்பளம். அடுத்த சீசனில் அதே நீலம் வேறு பேரோடு வரும். நானும் அதைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துக் கையெழுத்துப் போடுவேன்.

அருள்புரத்தைத் தாண்டி உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் யூனிட். ஆபீஸுக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு அறை, அதில் ஒரு லைட் பாக்ஸ். முன்பக்கம் திறந்த சாம்பல் நிறப் பெட்டி. உள்ளே பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், மஞ்சள் பல்பு என்று மாற்றி மாற்றிப் போடலாம். பையர் ஒப்புக்கொண்ட துண்டை இடப்பக்கமும் எங்கள் பட்டறைத் துண்டை வலப்பக்கமும் வைத்து, சிவப்பு அடிக்கிறதா, பச்சை அடிக்கிறதா, அரை இழை ஏறியிருக்கிறதா என்று சொல்ல வேண்டும். நான் சரி என்றால் அந்த லாட் தையலுக்குப் போகும். இல்லை என்றால் திரும்பச் சாயத்தொட்டிக்குப் போகும். கல்யாணமாகி வந்த புதிதில் உட்கார்ந்த நாற்காலி அது. முதுகுதான் தேய்ந்தது, நாற்காலி தேயவில்லை.

சில வருஷங்களுக்கு முன் நிறத்தை அளந்து எண்ணாகச் சொல்லும் மிஷின் ஒன்று வந்தது. அப்போது முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்.

“மிஷின் நம்பர் சொல்லுமுங்க. கடைசி வார்த்தை அக்காளோடதுதானுங்க.”

அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நான் உட்கார்ந்திருந்தேன். பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. தைக்கத் தெரியாது, கணக்குத் தெரியாது, இங்கிலீஷில் மெயில் போடத் தெரியாது. என்னிடம் இருந்தது ஒரு ஜோடிக் கண். அது பழுது என்று ஆகிவிட்டால் அந்த அறையில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதெல்லாம் ஒரு சின்னப் பறவையின் கால் நிறத்தைப் பற்றியது. இதற்குப் போய் இந்தப் பொம்பளை ஏன் இப்படி அடித்துக்கொள்கிறாள் என்று தோன்றலாம்.

பறவைப் பக்கம் நான் போனதே ஒரு பேரால்தான். ஒரு சீசனில் வந்த சாம்பல் நிறத்துக்கு ‘சாண்ட்பைப்பர்’ என்று பேர். அது என்ன என்று, ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் பெண்ணிடம் கேட்டேன். “ஏதோ பேர்டுங்க்கா” என்று சொல்லிவிட்டு அவள் போனைப் பார்க்கப் போய்விட்டாள். நானும் போனில்தான் தேடினேன். தமிழில் உள்ளான் என்று போட்டிருந்தது. குளக்கரைச் சேற்றில் குடுகுடுவென்று ஓடிக் கொத்தித் தின்னும் பறவை. பனிநாட்டில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குப் பயந்து இங்கே வருமாம். பொங்கலூர் போகிற வழியில் ஒரு குளம் இருக்கிறது, வாய்க்கால் தண்ணீர் விட்டால் நிறையும். அதன் சேற்றோரத்தில் இதே பறவைகளைப் பஸ்ஸில் போகும்போது எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பார்த்தும் எல்லாவற்றையும் குருவி என்ற ஒரே பேரில் அடைத்துவிட்டிருந்தேன். ஷேடு பார்க்கிறவளுக்கு இது கொஞ்சம் அவமானமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போகத் தொடங்கினோம். ‘தொடங்கினோம்’ என்று சொல்வது மரியாதைக்கு. என் வீட்டுக்காரர் வண்டியை ஓட்டிவந்து வேலமர நிழலில் நிறுத்திவிட்டுப் பேப்பர் விரிப்பார். பனியன் துணியைச் சுருக்கி ஏற்றும் காம்பாக்டிங் மிஷினில் நின்று நின்று முழங்கால் போனவர். ஞாயிறு ஒரு நாளாவது உட்காரட்டும் என்று நானும் விட்டுவிடுவேன். பழைய ஜூம் கேமரா ஒன்று வாங்கி வைத்திருந்தார். நான் கைகாட்டினால் எழுந்து வந்து ஒரு படம் எடுத்துவிட்டு மறுபடி போய் உட்கார்ந்துகொள்வார்.

விஞ்ஞானப் பேர் என்று ஒன்று இருப்பது அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. இரண்டே சொல். முதல் சொல் பேரினம், நம் குடும்பப் பேர் மாதிரி, இரண்டாவது ஆளைச் சொல்லும். ஊருக்கு ஊர் வேறு பேர் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் இந்த இரண்டு சொல்லை எந்தப் பையரும் சீசனுக்குச் சீசன் மாற்ற முடியாது. அதைவிடப் பிடித்தது இன்னொன்று. ஒரு பேர் வைக்கும்போது, இந்தப் பேர் இதற்குத்தான் என்று ஒரு பறவையைப் பஞ்சடைத்து எங்கோ ஒரு அருங்காட்சியகத்தின் இழுப்பறையில் பத்திரமாக வைப்பார்களாம். பின்னால் தகராறு வந்தால் அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அப்ரூவ்டு சாம்பிள் என்று நாங்கள் சொல்வது அதேதானே என்று நினைத்தேன். உலகத்தில் இன்னொரு கூட்டமும் எங்களைப்போல் பிழைக்கிறது என்று ஒரு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷமும் நீடிக்கவில்லை. பேதை உள்ளான் என்று ஒன்று வரும், கொஞ்சம் பெரிய பறவை. பழைய புத்தகத்தில் அதற்கு ஒரு குடும்பம் போட்டிருந்தது, புதுப் பட்டியலில் வேறு குடும்பம். மரபணுவைப் பார்த்து, இது அந்த வீட்டுப் பிள்ளை இல்லை, இந்த வீட்டுப் பிள்ளை என்று மாற்றிவிட்டார்களாம். பறவை அதே சேற்றில் அதே புழுவைத் தின்றுகொண்டிருந்தது. எங்கே போனாலும் இதே பொழப்பா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

இருந்தாலும் விடவில்லை. பார்த்ததைப் பதிவு செய்கிற செயலி ஒன்றைப் போனில் போட்டுக்கொண்டேன். நாம் போடுவதை எங்கள் பகுதிக்குச் சரிபார்ப்பது உடுமலைப்பேட்டையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்தும் பெண். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். ஏதாவது தப்பாகப் போட்டால் போன் செய்து, முதலில் சாப்பாட்டை விசாரித்து, மழையை விசாரித்து, அப்புறம் மெதுவாக விஷயத்துக்கு வருவாள்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் ரோட்டோரம் முழுக்கப் போய்க்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. குளத்தில் தண்ணீர் வற்றி, சேறு அகலமாகத் தெரிந்தது. கொசு உள்ளான்கள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. உள்ளான்களிலேயே பொடி அது, ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். காலிட்ரிஸ் மினூட்டா என்று விஞ்ஞானப் பேர். காலிட்ரிஸ் என்பது நீர்க்கரையில் திரிந்த ஏதோ ஒரு சாம்பல் பறவைக்குக் கிரேக்கர்கள் சொன்ன பழைய சொல்லாம். மினூட்டா என்றால் பொடிசு. அந்தக் கூட்டத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, கோரைப்புல் ஓரத்தில் ஒன்று தனியாக நின்றது. முதுகு மற்றதைவிடப் பழுப்பு. கால் மஞ்சள்.

கொசு உள்ளானுக்குக் கால் கறுப்பு. மஞ்சள் கால், பழுப்பு முதுகு என்றால் அது இன்னொரு இனம், காலிட்ரிஸ் சப்மினூட்டா. பொடிசுக்கும் கொஞ்சம் கீழே என்று பேர். இந்தப் பக்கம் அபூர்வமாகத்தான் வரும். வீட்டுக்காரரைக் கைகாட்டிக் கூப்பிட்டேன். அவர் படம் எடுத்தார்.

“இதுக்கு என்னத்துக்கு இத்தன பதட்டம்? உம்பேர வெக்கப் போறாங்களா?” என்றார்.

“பேரெல்லாம் வெச்சாச்சுங்க. நான் பாத்தேன்னு போடுவாங்க.”

அன்றைக்கே போட்டுவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. முப்பது வருஷமாகப் பார்த்த ஒரு நிறத்துக்கும் நான் கண்டுபிடித்தது என்று சொல்லிக்கொள்ள எதுவும் இருந்ததில்லை. நான் செய்ததெல்லாம் மற்றவர் வைத்த நிறத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்ததுதான். இது ஒன்றாவது என் கண்ணுக்குத் தானாக வந்து மாட்டியதே என்று இருந்தது.

இரண்டு நாள் கழித்து உடுமலைப் பெண் கூப்பிட்டாள். சாப்பாடு, மழை, வீட்டுக்காரர் முழங்கால், எல்லாம் ஆயிற்று.

“அக்கா, அந்தப் பதிவுல இருக்கற போட்டோவப் பாத்தேனுங்க. எனக்குச் சாதாரணக் கொசு உள்ளானாட்டத் தெரியுதுங்க. காலு கறுப்பாத்தானுங்க இருக்குது, மேல சேறு காஞ்சு ஒட்டியிருக்குது.”

“கண்ணு, போட்டோவுல நிறம் பாக்காத. போட்டோ பொய் சொல்லும். நான் நேர்ல பாத்தேன்.”

இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. எங்கள் தொழிலில் முதல் பாடமே இதுதான். போன் படத்தை வைத்து ஷேடு சரி என்று சொல்லக் கூடாது. கேமராவுக்கு ஒரு கண், திரைக்கு ஒரு கண், வெயிலுக்கு ஒரு கண். சென்னை ஆபீஸில் இருக்கும் பிள்ளைகள் வாட்ஸப்பில் படம் போட்டு ‘ஷேடு ஓகேவா’ என்று கேட்கும்போதெல்லாம், துணியை அனுப்பு என்று எரிந்து விழுந்திருக்கிறேன். வேறு யாராக இருந்தாலும் அந்தப் படத்தைப் பார்த்த உடனே, ஓ, தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று விட்டிருப்பார்கள். நான் படத்தைத்தான் சந்தேகப்பட்டேன். என் கண்ணைச் சந்தேகப்பட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

“சரிங்க்கா, நீங்க சொன்னா இருக்குமுங்க. ஒரு தடவ நேர்ல வந்து பாத்துக்கறனுங்களே” என்றாள். பதிவை ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. நிலுவையில் போட்டு வைத்தாள்.

அடுத்த ஞாயிறு ஸ்கூட்டியில் வந்தாள். முதுகில் தொலைநோக்கி, அதை நிறுத்தி வைக்க முக்காலி. அந்தப் பறவை அதே கோரை ஓரத்தில் மேய்ந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அது வராமல் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்கச் சொன்னாள்.

“நிறத்த விடுங்க்கா. காலு வெரலப் பாருங்க. சப்மினூட்டாவுக்கு நடு வெரலு நீளமா இருக்கும். கழுத்த நீட்டி நிமுந்து நிக்கும். இது குனிஞ்சே ஓடுது பாருங்க.”

விரல். அளவு. தையல் பக்கத்து ஆட்கள் இஞ்ச் டேப்பை வைத்துக்கொண்டு பார்க்கிற சமாச்சாரம் அதெல்லாம். நான் என் வாழ்க்கையில் துணியின் அளவைப் பார்த்ததில்லை. நிறம் ஒன்றைத்தான் பார்த்தேன், பறவையிலும் அதைத்தான் பார்த்திருக்கிறேன் என்பது அந்த நிமிஷம் உறைத்தது. ஆனாலும் கால் மஞ்சளாகத்தான் தெரிந்தது. மங்கலான, காய்ந்த சேற்று மஞ்சள்.

“மஞ்சளாத்தான் இருக்குது கண்ணு” என்றேன்.

என் வீட்டுக்காரரை வரச் சொல்லி நான்தான் கூப்பிட்டேன். அவருக்குப் பறவையும் தெரியாது, ஷேடும் தெரியாது, யார் பக்கமும் பேச மாட்டார். குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

“கறுப்புங்க” என்றார் அந்தப் பெண்ணிடம். பிறகு என்னிடம், “சாம்பக் கலர்ல சேறு அப்பியிருக்குது. உள்ள கறுப்புதான் அம்மிணி.”

“முதுகு?”

“சாம்பல்தான்.”

எனக்குக் கோபம் வந்தது. கோபம் என்றுதான் அப்போது நினைத்தேன். உங்களுக்கு என்ன தெரியும், உடுத்துகிற வேட்டி மஞ்சள் பாரித்திருப்பதுகூடத் தெரியாமல் சுற்றுகிற ஆள் நீங்கள், எத்தனை சோப்பு மாற்றினேன் என்று கத்திவிட்டேன். அவர் வேட்டியைக் குனிந்து பார்த்தார். அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“நீலம்” என்றார் மெதுவாக. “ரொம்ப நாளா நீல வேட்டிதான் கட்டீட்டு இருக்கேன். நீ சொட்டு நீலத்த அள்ளி அள்ளி ஊத்தற. கோயில்ல கேக்கறாங்க, கட்சி எதாச்சும் சேந்துட்டீங்களான்னு. நீ சங்கடப்படுவேன்னு சொல்லல.”

நான் வேட்டியைப் பார்த்தேன். எனக்கு அது பழைய பேப்பர் நிறத்தில், மேலே லேசாக என்னவோ படிந்ததுபோல் தெரிந்தது. ரோட்டில் யாத்திரைக்காரர்களின் சப்தம் கேட்டுக்கொண்டிருந்தது. குளத்தில் அந்தப் பொடிசு ஓடிக்கொண்டே இருந்தது. அதன் கால் எந்த நிறம் என்பதைப் பற்றி எனக்கு அப்புறம் எந்தக் கவலையும் இல்லை. நாளைக்குத் திங்கட்கிழமை, லைட் பாக்ஸ் முன்னால் உட்கார வேண்டும்.

கண் டாக்டர் இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிட்டார். இரண்டு கண்ணிலும் புரை, உள்ளே இருக்கும் லென்ஸ் மஞ்சளாகப் பழுத்திருக்கிறது. மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு உலகத்தைப் பார்ப்பதுபோல். மெதுவாக வருவதால் வந்ததே தெரியாதாம். ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும், பயப்பட ஒன்றுமில்லை என்றார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். பேனாவை நிறுத்தி ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி எழுதினார்.

வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டேன். பையர் துண்டையும் எங்கள் துண்டையும் ஒரே கண்ணால்தானே பார்க்கிறேன், மஞ்சள் என்றால் இரண்டும் சேர்ந்துதானே மஞ்சளாகும், ஒப்பிடுவதில் தப்பு வராது என்று தேற்றிக்கொண்டேன். ஆனால் உள்ளுக்குள் தெரியும். நீலப் பக்கம் அரை இழை கூடினாலும் குறைந்தாலும் அந்த மஞ்சள் அதை விழுங்கிவிடும். கருநீலம், சாம்பல், வெள்ளை மூன்றிலும் நான் பொட்டைக்கண்ணோடுதான் உட்கார்ந்திருந்திருக்கிறேன். அப்படியும் பையரிடமிருந்து ஒரு லாட்கூடத் திரும்பி வரவில்லையே என்பது ஒன்றுதான் பிடிமானம். என் கை, என் பழக்கம், முப்பது வருஷ அனுபவம், கண் போனாலும் அது காப்பாற்றியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நினைக்க நன்றாகத்தான் இருந்தது.

சாயத்தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் டையிங் மாஸ்டரிடம் முதலில் சொன்னேன். தெற்கே இருந்து வந்தவர், பேச்சில் சுற்றி வளைப்பு கிடையாது என்று அவர்மேல் எனக்கு எப்போதும் ஒரு நம்பிக்கை. லைட் பாக்ஸ் அறையில் இருவரும் நின்றுகொண்டிருந்தோம். ஆபரேஷனுக்கு லீவு வேண்டும், கண்ணில் புரை என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை. அதுதான் முதலில் என்னைக் குத்தியது.

“மாஸ்டர், உங்களுக்குத் தெரியுமா?”

“போன மழைக்கு முன்னாடியே தெரியும் மேடம்.”

“எப்படி?”

“நீங்க ஓகே சொன்ன சாம்பல் லாட் ஒண்ணு, மிஷின்ல ரொம்ப நீலம் காட்டுச்சு. நான் வெயில்ல கொண்டுபோய்ப் பாத்தேன். மிஷின்தான் சரி. அதுக்குப் பெறகு மொதல்ல மிஷின்ல பாத்துட்டுத்தான் உங்ககிட்ட கொண்டாந்தேன்.”

“நான் வேண்டாம்னு சொன்னதெல்லாம்?”

அவர் லைட் பாக்ஸின் சுவிட்சைப் போட்டு அணைத்தார், மறுபடி போட்டார்.

“மத்தியானம் சாப்பாட்டுக்கு மேல அதே துணிய, திருப்பிச் சாயம் போட்டதுன்னு சொல்லிக் கொண்டாருவேன். ஓகே சொல்லிருவீங்க.”

“முதலாளிக்கு?”

“அவர்தான் அப்படிச் செய்யச் சொன்னாரு. ‘அக்கா மனசு நோகக் கூடாது’ன்னாரு.”

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ‘ங்க’ போட்டு ‘ங்க’ போட்டு என்னைக் கையில் பிடித்து மெதுவாக நகர்த்தி ஓரத்தில் வைத்துவிட்டார்கள், எனக்கு நகர்ந்ததே தெரியவில்லை. வீட்டில் நீல வேட்டி, குளத்தில் நிலுவைப் பதிவு, இங்கே சாப்பாட்டுக்குப் பிறகு அதே துணி. எல்லோருக்கும் என்மேல் மரியாதை. பேர் மட்டும் ஷேடு இன்சார்ஜ் என்று கதவில் அப்படியே இருந்தது. பேதை உள்ளானையாவது வேறு குடும்பத்தில் போட்டதைப் பட்டியலில் வெளிப்படையாக அச்சடித்தார்கள்.

அன்றைக்கு அழுதேன். வீட்டில் இல்லை, அந்த அறையிலேயே, மாஸ்டர் போன பிறகு. லைட் பாக்ஸை அணைத்துவிட்டு அழுதேன்.

முதலாளியிடம் போனபோது அவர் எழுந்து நின்றார். “நீங்க இல்லாம இந்த யூனிட் ஏதுங்க்கா. நல்லபடியாப் போயிட்டு வாங்க” என்றார். திரும்பி வந்தால் என்ன வேலை என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் மரியாதையாக ஏதாவது சொல்லியிருப்பார்.

முதலில் வலது கண். கட்டுப் பிரித்த அன்று ஆஸ்பத்திரிச் சுவர் கண்ணைக் குத்தும் வெள்ளை. நர்ஸின் உடையில் நீலம் ஒட்டியிருந்தது. எனக்கு வேண்டாதது ஒன்றை யாரோ துடைத்து எடுத்துவிட்டதுபோல் இருந்தது, நன்றாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். வேட்டி எல்லாம் வானம் மாதிரி. அத்தனையும் நீலம் போகத் துவைக்க ஒரு வாரம் ஆயிற்று. அவர் பக்கத்தில் நின்று, “இந்த நீலமும் பழகிப்போச்சு, விடு” என்றார். அதற்கும் அவரைத்தான் திட்டினேன்.

இடது கண்ணுக்குத் தேதி கொடுத்திருந்த இடைவெளியில் ஒரு ஞாயிறு குளத்துக்குப் போனோம். கொசு உள்ளான்கள் இன்னும் கிளம்பவில்லை. சிலவற்றுக்கு ஊருக்குப் போகும் முன் வரும் செம்பழுப்பு லேசாக ஏறத் தொடங்கியிருந்தது. ஒன்றை மட்டும் கண்ணால் பிடித்துவைத்துப் பார்த்தேன். இடது கண்ணை மூடினால் சாம்பல் முதுகு, சேறு அப்பிய கறுப்புக் கால். வலது கண்ணை மூடினால் பழுப்பு முதுகு, மஞ்சள் ஏறிய கால். ஒரே பறவை, ஒரே நிமிஷம். ஒரு கண்ணுக்கு மினூட்டா, இன்னொரு கண்ணுக்குச் சப்மினூட்டா. மூடி மூடித் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அதன் கால் விரலைப் பார்த்தேன். இரண்டு கண்ணுக்கும் விரல் ஒரே நீளமாகத்தான் இருந்தது.

அங்கேயே சேற்றோரத்தில் நின்றுகொண்டு பதிவைத் திறந்து நானே மாற்றினேன். உடனே உடுமலைப் பெண் கூப்பிட்டாள்.

“நீங்களே மாத்தணும்னுதானுங்க்கா விட்டு வெச்சிருந்தேன்.”

“இனிமே விட்டு வெக்காத கண்ணு. தப்புன்னா தப்புன்னு சொல்லிப் போடு. வயசானவளுக்கு மரியாத குடுக்கறேன்னு சும்மா இருந்தீன்னா எனக்குத்தான் தெரியாமப் போகும்.”

“சரிங்க்கா” என்றாள். சாப்பாட்டையும் மழையையும் விசாரிக்காமல் அவள் வைத்த முதல் போன் அதுதான்.

இடது கண்ணும் முடிந்து, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு வேலைக்குத் திரும்பினேன். என் நாற்காலி அப்படியே இருந்தது. முதலாளி வந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். மாஸ்டர் ஒரு கருநீலத் துண்டைக் கொண்டுவந்து வைத்தார். உட்காரும் முன்பே கேட்டேன்.

“மிஷின்ல பாத்ததா?”

அவர் மிஷின் அறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

“பாக்காதது ஒண்ணு கொண்டாங்க மாஸ்டர்.”

போனார். திரும்பி வர நேரமானது. வந்தது ஒரு சாம்பல், வெதுவெதுப்பு இன்னும் இருந்தது. பகல் வெளிச்சத்தில் வைத்தேன், கடை வெளிச்சத்தில் வைத்தேன், மஞ்சள் பல்பில் வைத்தேன். துணியைப் பெட்டியின் தரையில் வைத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டேன். இத்தனை நீலம் உலகத்தில் இருந்திருக்கிறது, இதை இழந்துவிட்டா உட்கார்ந்திருந்தேன் என்று இருந்தது. இரண்டு துண்டுக்கும் நடுவே இருந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது.

“நீலம் அரை இழை கூட. செவப்பு கொஞ்சம் பத்தல. வேண்டாம்.”

மாஸ்டர் துண்டை எடுத்துக்கொண்டார். சாயத்தொட்டிப் பக்கம் போகவில்லை, மிஷின் அறைப் பக்கம் திரும்பினார். எனக்கு அவர்மேல் கோபமில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன், ஒரு லாட் துணி விளையாட்டில்லை. ஆனால் அவர் போன பிறகு என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து கதவோரம் நின்றேன். மிஷின் மூடியைத் திறக்கிற சப்தம் கேட்டது, மூடுகிற சப்தம் கேட்டது.

அவர் திரும்பி வந்தார். முகம் மலர்ந்திருந்தது, மனதாரத்தான் மலர்ந்திருந்தது.

“கரெக்ட் மேடம்” என்றார்.

நான் தலையாட்டினேன். இந்த முப்பது வருஷத்தில் அந்தச் சொல்லை யாரும் என்னிடம் சொன்னதில்லை. நான் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்பதால், சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் இருந்ததில்லை.